உடைய வேண்டிய போல்ட்

மனிடோபா, கனடா
19 அக்டோபர் 2024

அன்புள்ள கோ,

கடிதத்திலும் இப்படித்தான் எழுத வருகிறது. பர்மாக்காரிகள் புருஷனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாளே என்று உங்கள் அம்மா முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நேற்று பேச்சு பாதியில் அறுந்தது. நான் கோபத்தில் வைத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பண்ணை வீட்டில் மாடி ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல். உங்களுக்கு அங்கே மின்சாரம் வரும் நேரம், எனக்கு இங்கே நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் குளிப்பாட்டும் நேரம். அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். படம் பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெரியவர் ஹெரால்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு வேன் வந்து அழைத்துப் போகிறது. பனிக்காலத்தில் பெரிய சாலையை அரசாங்கம் சுத்தம் செய்துவிடுமாம். அங்கிருந்து வீட்டு வாசல் வரை வரும் நீளமான பாதை நம் பொறுப்பு. அதில் பனி கிடந்தால் வேன் உள்ளே வராது. இத்தனை வருஷம் டிராக்டரால் தள்ளிக்கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

பெரியவரின் மகள் ஜூடித் டொரன்டோவிலிருந்து பேசினாள். "ஷாரோன், இந்தக் குளிர்காலத்தை நீ சமாளித்துவிட்டால் அப்பா வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம்தான்" என்றாள். அவர் இல்லத்துக்குப் போனால் எனக்கு இந்த நாட்டில் வேலையில்லை. என் அனுமதிச் சீட்டில் எழுதியிருப்பது இந்த வீட்டு வேலை ஒன்றுதான். உங்களை அழைத்துக்கொள்ளப் போட்டிருக்கும் மனுவும் அதை நம்பித்தான் நிற்கிறது.

கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றில் உள்ள வெட்டுத் தட்டைக் கழற்றிவிட்டு, முன்னால் பனி ஊதும் கருவி ஒன்றை மாட்ட வேண்டுமாம். கருவி தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. பெரிய இரும்பு வாய், உள்ளே திருகுபோல் சுழலும் பற்கள், மேலே புகைபோக்கிபோல் வளைந்த ஒரு குழாய். நான் நர்சிங் படித்தவள். ஸ்பேனரைப் பிடித்ததுகூட இல்லை. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

உங்கள்
ஷாரோன்


தாமுவே, யாங்கோன், பர்மா
27 அக்டோபர் 2024

ஷாரோன்,

தமிழிலேயே எழுது. பாலத்துக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். இங்கிலீஷ் என்றால் யாரிடமாவது காட்டுவார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தால் சாமி மந்திரம் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உன்னுடையது மிஷன் பள்ளித் தமிழ். என்னுடையது கோவிலில் ஞாயிற்றுக்கிழமை படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

படங்களைப் பார்த்தேன். பனியை நான் ஐஸ் பெட்டிக்கு வெளியே பார்த்ததில்லை. என்ஜினைப் பார்த்திருக்கிறேன். பயப்படாதே. முதலில் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடு. பிறகு லீவரை இறக்கினால் வெட்டுத் தட்டு தரையில் படியும். என்ஜின் புல்லியிலிருந்து பெல்ட்டை எடு. தட்டைப் பிடித்திருக்கும் பின்களை உருவிவிட்டு, சக்கரத்தைத் திருப்பி வைத்து, தட்டைப் பக்கவாட்டில் இழு. வந்துவிடும். உருவிய பின்களை ஒரு டப்பாவில் போடு. தரையில் வைத்தால் ஒன்று காணாமல் போகும், அது எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அடுத்து இரும்புச் சட்டம். அது முன்பக்கம் அடியில் மாட்டும். எல்லா போல்ட்டையும் விரலால் லேசாகத் திருகிய பிறகே இறுக்கு. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் மற்றதற்குத் துளை சேராது. பின்சக்கரம் பனியில் சுற்றும் என்று நினைக்கிறேன். பின்னால் மணல் மூட்டை கட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி போடு. ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பு.

இங்கே கரண்ட் போகப் போகக் கடையில் வேலை கூடுகிறது. எல்லார் வீட்டு ஜெனரேட்டரும் என் மேஜையில்தான். இருட்டுவதற்குள் கடையைப் பூட்டிவிடுகிறேன். சாயங்காலம் வெளியே நிற்கிற ஆண்பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

கோபிகிருஷ்ணன்


மனிடோபா
14 நவம்பர் 2024

அன்புள்ள கோ,

மாட்டிவிட்டேன். விரல்களில் தோல் இல்லை. இரும்பு இங்கே குளிரில் நெருப்பாகச் சுடுகிறது.

பெல்ட்டை முதலில் முறுக்கி மாட்டியிருக்கிறேன் என்று நீங்கள் படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரே புகை. பெரியவர் சக்கர நாற்காலியில் ஜன்னலருகே இருந்து கைத்தடியால் கண்ணாடியை அடி அடியென்று அடித்தார். அடக்க முடியாத சிரிப்பு அவருக்கு. நான் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி பெல்ட்டைத் திருப்பிப் போட்டு, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினேன். பற்கள் சரியாகச் சுழன்றன.

திங்கட்கிழமைதான் இந்த வருஷத்து முதல் பனி. முழங்கால் வரை. லீவரைத் தட்டியதும் வெள்ளையாக ஒரு வளைவு எழும்பி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. கோ, நான் அழுதுவிட்டேன். வேன் வாசல் வரை வந்தது. டிரைவர் இறங்கி, "யார் சுத்தம் பண்ணினது?" என்று கேட்டார். "நானும் என் புருஷனும்" என்றேன். அவர் உங்களைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தைப் படம் எடுத்து அனுப்பு, புல்லியைப் படம் எடுத்து அனுப்பு என்று இத்தனை கேட்டீர்களே, என் முகத்தை ஒரு தடவை கேட்டீர்களா?

ஷாரோன்


தாமுவே
24 நவம்பர் 2024

ஷாரோன்,

உன் முகத்தைக் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டால் பார்க்க வேண்டும். பார்த்தால் அன்றைக்கு வேலை ஓடாது. இயந்திரத்தைப் பார்த்தால் ஓடுகிறது. இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படம் அனுப்பு.

கடைக்கு வரும் வடிவேலு, மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருப்பானே, அவனைப் பிடித்துவிட்டார்கள். கடையை மூடிக்கொண்டு வரும்போது. அவன் பெண்டாட்டி வார்டு ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைகிறாள். எங்கள் வார்டிலும் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். குலுக்கல் போட்டுப் பட்டாளத்துக்கு எடுப்பார்களாம். என் பெயரும் அதில் இருக்கிறது. நீ கவலைப்படுவாய் என்று சொல்லாமல் இருக்க நினைத்தேன். சொல்லாவிட்டால் பிறகு அதற்கும் சண்டை போடுவாய்.

மனு சீக்கிரம் நகர்ந்தால் போதும். பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது. அம்மா, "நான் எங்கடா வரப் போறேன், நீ போ. அவகூட இருந்தா நீ உசுரோட இருப்பே" என்று சொல்லிவிட்டார்கள். உன்னைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை. எழுதி வைத்துக்கொள்.

பனி அடைத்துக்கொண்டால் குழாய்க்குள் கையை விடாதே. என்ஜினை நிறுத்து, பற்கள் நிற்கும்வரை நில், பிறகு கட்டையால் தள்ளு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கோபி


மனிடோபா
29 டிசம்பர் 2024

அன்புள்ள கோ,

கிறிஸ்துமஸ் போனது. பெரியவரும் நானும் டின்னில் வந்த சூப் குடித்தோம். நான் அவருக்கு மொஹிங்காவைப் பற்றிச் சொன்னேன், மீனையும் வாழைத்தண்டையும் போட்டுக் காலையில் சாப்பிடும் நூடுல்ஸ் சூப் என்று. அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "காலையிலா?" என்றார்.

இப்போது வேறு பிரச்சினை. கருவியின் பற்களைத் தண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சின்ன போல்ட் உடைந்துவிட்டது. உறைந்த ஒரு பனிக்கட்டியில் மோதியதும் பட்டென்று போனது. டப்பாவில் கிடந்த மாற்று போல்ட்டையும் போட்டேன். அதுவும் நேற்று உடைந்துவிட்டது. டவுனில் கடை மூடியிருக்கிறது. திறந்தாலும் சரக்கு ஜனவரி நடுவில்தான் வருமாம். நாளைய வேனுக்குப் பாதை திறந்திருக்கிறது, புதன்கிழமையும் வேன் வர வேண்டும். வானொலியில் மறுபடியும் பனி என்கிறார்கள்.

கருவியோடு வந்த புத்தகத்தில் வேறு போல்ட் போடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கொட்டகையில் அதே அளவில் பளபளவென்று சில போல்ட்டுகள் இருக்கின்றன. போடலாமா? உடனே சொல்லுங்கள்.

ஷாரோன்


தாமுவே
30 டிசம்பர் 2024

ஷாரோன்,

போடு. புத்தகம் எழுதுகிறவனுக்கு போல்ட் விற்க வேண்டும். அந்தச் சின்ன போல்ட்டை உடைவதற்கென்றே மென்மையான இரும்பில் செய்வார்கள், அது எனக்கும் தெரியும். இங்கே ஒரிஜினலுக்குக் காத்திருந்தால் யாங்கோனில் ஒரு ஜெனரேட்டரும் ஓடாது. நான் சைக்கிள் கம்பியை வெட்டிப் போட்டு ஓட்டியிருக்கிறேன். கெட்டி இரும்பு போல்ட்டைப் போட்டு இரட்டை நட் வைத்து இறுக்கிவிடு. மெதுவாக ஓட்டு. ஒரிஜினல் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

உன் முகத்தைப் படமாகப் பார்த்தேன். இளைத்துவிட்டாய். தொப்பிக்குள் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

புது வருஷத்தில் நான் அங்கே இருப்பேன்.

கோபி


மனிடோபா
1 பிப்ரவரி 2025

கோ,

நீங்கள் போனை எடுக்கவில்லை. லைன் இல்லையா, எடுக்க மனமில்லையா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பெரியவர் போய்விட்டார்.

கடந்த வாரம் முழுதும் புயல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்று கொஞ்சம் விட்டது. மறுநாள் வேன் வர வேண்டுமே என்று பாதையைச் சுத்தம் செய்யப் போனேன். பாதிக்குமேல் முடித்துவிட்டேன். விறகு அடுக்கிலிருந்து சரிந்த ஒரு கட்டை பனிக்குள் கிடந்திருக்கிறது. பற்கள் அதைக் கவ்வின. வண்டி என்னைத் தூக்கிப் போட்டது. இரும்பு பிளக்கும் சத்தம். என்ஜின் ஓடியது, பற்கள் அசையவில்லை. பனியில் கறுப்பாக எண்ணெய். நீங்கள் போடச் சொன்ன போல்ட் அப்படியே நின்றது. கியர் பாக்ஸ்தான் இரண்டாகப் பிளந்திருந்தது.

மீதியை மண்வாரியால் அள்ளினேன். அள்ளிய இடத்தைக் காற்று மூடிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை வேன் சாலையில் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. புதன்கிழமை வரவேயில்லை. நான் ஜூடித்துக்குப் பேசினேன், பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பேசினேன். எல்லார் வண்டியும் புதைந்து கிடந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. என் படிப்பு எனக்குச் சொன்னது என்ன நடக்கும் என்று. ஆம்புலன்ஸ்காரர்கள் சாலையில் இறங்கி, இடுப்பளவு பனியில் நடந்து வந்து அவரைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துப் போனார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா முயற்சி பண்ணினே" என்றார். நேற்று ஆஸ்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது.

ஒரிஜினல் போல்ட் இரண்டு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது, கோ. உங்களிடம் போனில் சொன்னேன். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் எதற்குக் கை வைக்கிறாய் என்றீர்கள். பெட்டி இப்போதும் சமையலறையில் இருக்கிறது.

ஷாரோன்


தாமுவே
4 பிப்ரவரி 2025

ஷாரோன்,

படித்தேன். அவருக்கு வயது என்ன? எண்பத்தாறு. அந்தப் புயலில் சாலையிலேயே வண்டி ஓடவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பாதை சுத்தமாக இருந்திருந்தால் மட்டும் புதன்கிழமை வேன் வந்திருக்குமா? விறகுக் கட்டை பாதையில் கிடப்பதை நீ முன்பே பார்த்திருக்க வேண்டும். மெதுவாக ஓட்டு என்று எழுதினேன். நீ வேகமாக ஓட்டியிருப்பாய்.

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஆண்களை இனி அனுப்பப் போவதில்லையாம். என் வயதுக்காரர்கள் எல்லார் கதையும் முடிந்தது. ஏஜென்ட் ஆபீசில் பாஸ்போர்ட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். படிக்கட்டில் நின்று ஒரு பையன் வாந்தி எடுத்தான். இதற்கு நடுவில் நான் போல்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

கோபிகிருஷ்ணன்


மனிடோபா
11 பிப்ரவரி 2025

கோ,

நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று ஜூடித் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அவர் உடைந்த கருவியைக் கழற்றி, அந்த போல்ட்டைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்தார். "இது இங்கே இருக்கக் கூடாது. சரியான போல்ட்டா இருந்திருந்தா அது மட்டும் உடைஞ்சிருக்கும். அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டு ஓட்டிருக்கலாம்" என்றார். ஜூடித் என்னைப் பார்த்தாள். "இதை யார் போடச் சொன்னது, ஷாரோன்?"

உங்கள் பெயர் மனுவில் இருக்கிறது. அந்த மனுவில் அவள் கையெழுத்து இருக்கிறது. "யாரும் சொல்லலை. நானாப் போட்டேன்" என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போல்ட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு நற்சான்று எழுதித் தர அவளால் முடியாதாம். அது இல்லாமல் வேறு வீட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மனுவையும் திரும்பப் பெற்றுவிட்டாள்.

நான் வேகமாக ஓட்டவில்லை, கோ. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்னபடி செய்தேன். அதுதான் என் தப்பு என்று இப்போது படுகிறது. புத்தகத்தில் இருந்ததை நம்பாமல் உங்களை நம்பினேன். உங்கள் குரல் வந்து ஒரு காரியத்தைச் செய் என்று சொல்லும்போது, நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அதை விட மனசு வரவில்லை.

ஒரு வார்த்தை கேட்கிறேன். எனக்காக வேண்டாம், அந்த மனிதருக்காக வருத்தப்பட்டீர்களா?

ஷாரோன்


தாமுவே
26 பிப்ரவரி 2025

ஷாரோன்,

பல தடவை எழுதிக் கிழித்தேன்.

வருத்தப்பட்டேன். கண்ணாடியைத் தட்டிச் சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அதை எடுத்து மறுபடி படித்தேன். எனக்குத் தெரியும், ஷாரோன். அந்த போல்ட் ஏன் மென்மையான இரும்பு என்று எழுதும்போதே தெரியும். இங்கே இருந்துகொண்டே அங்கே ஒரு காரியத்தை நான் செய்து தருகிறேன் என்ற மிதப்பு. இங்கே என்னால் எதையும் செய்ய முடியவில்லை. கரண்ட் இல்லை, ராத்திரி வெளியே போக முடியவில்லை, வடிவேலை மீட்க முடியவில்லை. அங்கே மட்டும் நான் சொன்னால் ஒன்று ஓடியது. அதை நிறுத்து, காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேகமாக ஓட்டினாய் என்று எழுதினேனே, அதை எழுதிய கையை என்ன செய்வது?

குலுக்கலில் என் பெயர் வந்துவிட்டது. வார்டு ஆபீசில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் சீட்டைப் போட்டு எடுத்தார்கள். உரக்கப் படித்தவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை. "கோபி... கோபி என்ன?" என்று கேட்டார். நானே எழுந்து முழுதாகச் சொன்னேன். தன்லியினுக்குப் போய் சிவராஜ் மாமா வீட்டில் ஒளிந்துகொள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் ஒளிந்தால், நான் வரும்வரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். அடுத்த வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். அம்மாவால் ஒரு மணி நேரம் சிமெண்டுத் தரையில் உட்கார முடியாது.

என்ன தொழில் என்று கேட்டார்கள். என்ஜின் மெக்கானிக் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "நல்லதாப் போச்சு" என்றான். அங்கே நான் எதையெல்லாம் ஓட வைப்பேன், அது யார் ஊருக்குப் போகும் என்பதை நீ கேட்காதே. நானும் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

நாளை மறுநாள் போக வேண்டும். நீ வராதே. அங்கே கூட்டிப் பெருக்கினாலும் பரவாயில்லை, சட்டத்துக்கு மறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இரு. நம் இரண்டு பேரில் ஒருத்தராவது இவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். இதை மட்டும் நான் சொன்னபடி செய்.

உன்
கோ


தாமுவே, யாங்கோன்
22 மார்ச் 2025

அன்புள்ள கோ,

நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. வந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரிப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் வெளியே போகத் துடிக்கிறாங்க, நீங்க உள்ளே வர்றீங்களே?" என்று பர்மிய மொழியில் கேட்டாள். வீட்டில் ஆளில்லை என்றேன்.

உங்கள் அம்மா கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்த்ததும், "எதுக்குடி வந்தே? அவன் வராதேன்னு எழுதினானே" என்றார்கள். பிறகு பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் அழவில்லை. சாயங்காலம் சோறு போட்டார்கள். ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம். கமலாட்சி அம்மாள் மருமகளோடு ஒரே பாயில் படுக்கிறார் என்று இந்தத் தெருவில் யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வார்டு ஆபீசுக்குப் போனேன். உங்களை எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். கடிதத்தை எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார் ஒருவர். அவர் மேஜைக்கடியில் இருந்த அட்டைப் பெட்டியில் கடிதங்கள் கிடந்தன. பர்மிய எழுத்தில்தான் எழுத வேண்டுமாம், புரியாத எழுத்தை அனுப்ப மாட்டார்களாம். அதனால் பர்மிய மொழியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நலம், அம்மா நலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி. அந்த மொழியில் உங்களிடம் இந்த விஷயங்களைப் பேசியதில்லை. வேறெதுவும் எழுத வரவில்லை.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வடிவேலின் மனைவி நேற்று வந்திருந்தாள். அவன் எங்கோ வடக்கில் இறந்துவிட்டதாக அவளுக்குப் போனில் சொன்னார்களாம். உடம்பு வராதாம். அவள் அதைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொஞ்சம் சர்க்கரை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு அம்மா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தார்கள்.

எனக்கு இங்கே ஒரு கிளினிக்கில் வேலை சொல்லியிருக்கிறார்கள். நாளையிலிருந்து போகிறேன். மின்சாரம் இருக்கும்போது மட்டும்தான் திறப்பார்களாம்.

நீங்கள் என்மேல் கோபப்பட வேண்டும் என்றால் கோபப்படுங்கள். உயிரோடு இருந்து கோபப்படுங்கள். கூப்பிட முடிந்தால் கூப்பிடுங்கள், போனை அம்மா தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். நான் தாமுவேயில்தான் இருக்கிறேன். இனி வேறெங்கும் போக எனக்கு இடமில்லை.

ஷாரோன்